மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள்: வஹாக்கா பயணக் குறிப்புகள்

அக்டோபர் 29, 2024, செவ்வாய்

டிக்கெட்டில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஒக்சாகா' என்று வந்தது. டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னதும் அவர் பொறுமையாக 'வஹாக்கா' என்று திருத்தினார். மெக்சிகோவின் தெற்கில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். இந்த வாரம் இங்கே 'தியா தே முயெர்த்தோஸ்', இறந்தவர்கள் நாள் திருவிழா. உயரம் சுமார் 1,550 மீட்டர், அதாவது நம் ஏற்காடு அளவு. மத்தியானம் குடை கேட்கிற வெயில், ராத்திரி சுவெட்டர் கேட்கிற குளிர்.

வந்திருப்பது நானும் அக்காவும். டல்லாஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் வீட்டில் மூன்று மாதமாக இருக்கிறோம். "சும்மா ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஒரு வாரம் மெக்சிகோ போயிட்டு வாங்க"ன்னு அவனே டிக்கெட் போட்டுவிட்டான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. ஸ்பானிஷ் இருவருக்கும் தெரியாது. மொழிபெயர்க்கும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்து, "இது போதும்" என்றான். போதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தங்கியிருப்பது ஹலத்லாக்கோ என்கிற பழைய பேட்டையில், ஒரு வீட்டு மாடியில். தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது, அக்காவின் செருப்பு முதல் நாளே வாயைப் பிளந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வாசலில் ஆரஞ்சு நிறப் பூமாலை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அதில் ஊதா, பச்சை, ரோஸ் என்று மெல்லிய காகிதத் தோரணம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு காகிதத்திலும் எலும்புக்கூடுகள் பாடுகின்றன, சைக்கிள் ஓட்டுகின்றன, கல்யாணம் செய்துகொள்கின்றன. 'பாபெல் பிக்காடோ' என்கிறார்கள். காகிதங்களை அடுக்கி வைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு ஒரே அடியில் பல தாள்களை வெட்டுவார்களாம். புவெப்லா மாநிலத்தில் ஹுயிஸ்கோலோத்லா என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது இருக்கும். எங்களை உட்காரவைத்து, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அக்கா நெஞ்சில் கை வைத்து, பெருமையாக, செயலியில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷில், "நான் தமிழ்" என்றாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, வாழையிலையில் மடித்து அவித்த சோளக் கொழுக்கட்டை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, அதையும் அக்காவையும் மாறி மாறிக் காட்டிச் சிரித்தார். அதன் பெயர் 'தமால்'. அன்றிலிருந்து அக்கா அந்த வீட்டில் தமால்தான்.

ராத்திரி முக்குக்கடையில் 'த்லாயுடா' சாப்பிட்டோம். முறம் அகலத்துக்கு மொறுமொறுப்பான சோள ரொட்டி, மேலே கறுப்பு பீன்ஸ் மசியல், இழை இழையாகப் பிரியும் சீஸ். 110 பெசோ. ஒரு பெசோ நாலேகால் ரூபாய் சுமாருக்கு. அக்கா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், பில்லைப் பார்க்கும் முன்பே பெருக்கிவிடுவாள். இறைச்சி வேண்டாம் என்று சைகையில் சொல்லித்தான் வாங்கினோம். பாதிச் சாப்பாட்டில், அடியில் தடவியிருக்கிற மணமான சங்கதி என்ன என்று கேட்டேன். பன்றிக் கொழுப்பின் அடிவண்டல்.

"செவ்வாக்கிழமை அதுவுமா" என்றாள் அக்கா. செவ்வாய், வெள்ளி அவள் கவுச்சி தொடமாட்டாள். பிறகு மிச்சப் பாதியைப் பார்த்தாள். "தெரியாம சாப்பிட்டதுக்குப் பாவமில்ல. தெரிஞ்சப்புறம் உனக்கு" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

அக்டோபர் 30, புதன்

இன்று முழுக்க சந்தை. 'சென்ட்ரால் தே அபாஸ்தோஸ்' என்கிற பெரிய சந்தைக்கு வீட்டுக்காரம்மா போகிறேன் என்றார், நாங்களும் தொற்றிக்கொண்டோம். பர்ஸை முன்பக்கம் தொங்கவிடுங்கள் என்று அவர் காட்டியபடி போட்டுக்கொண்டோம்.

நான் எதிர்பார்த்து வந்தது படங்களில் பார்த்ததை. முகத்தில் மண்டை ஓடு வரைந்துகொண்ட பெண்கள், ஊர்வலம், பேண்டு. அதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஊர் ஜனங்கள் அந்த வாரத்தில் உண்மையாகவே செய்வது வேறு: சமையலுக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் சாமான் வாங்குகிறார்கள். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வரப்போகிற வீட்டில் எப்படி ஒரு பதற்றம் இருக்குமோ, அதே பதற்றம். வருகிறவர்கள் செத்துப்போனவர்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். வரும் நேரம்கூடத் தெரியும். தாமதித்தால் நம் வீட்டு ஆட்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

பூச் சந்தையில் கால் வைத்ததும் அக்கா நின்றுவிட்டாள். "ஏண்டி, இது நம்ம செண்டுமல்லில்ல?" அதேதான். கட்டுக் கட்டாக, லாரி லாரியாக. இங்கே 'செம்பாசூசில்'. இங்கத்துப் பூர்வகுடி மொழியான நாவாத்தில் 'இருபது பூ' என்று அர்த்தம், இதழ்கள் அத்தனை இருப்பதால். இந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். இங்கிருந்துதான் கடல் கடந்து நம் மாலைக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுகிற பூ, இங்கே செத்தவர்களுக்கு வழிகாட்டும் பூ. அந்த மணமும் நிறமும்தான் அவர்களை வீடு கொண்டுவந்து சேர்க்குமாம். பக்கத்திலேயே வெல்வெட் மாதிரி கருஞ்சிவப்பில் கோழிக்கொண்டைப் பூ. அதற்கு ஸ்பானிஷ் பெயர் என்ன என்று கேட்டேன். 'கிரெஸ்தா தே கயோ'. செயலி அதை மொழிபெயர்த்தது: சேவலின் கொண்டை. யாரும் யாரிடமும் கேட்காமல் இரண்டு ஊரிலும் அதே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பூக்காரப் பெண் அக்காவைப் பார்த்து "வேரித்தா, வேரித்தா" என்று கூப்பிட்டாள். வீட்டுக்காரம்மா விளக்கினார்: 'வெள்ளையம்மா' என்பது மாதிரி. சந்தையில் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அக்கா எங்கள் வீட்டிலேயே கறுப்பு. பெண் பார்க்க வந்த காலத்தில் அதற்காகக் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. "அறுபது வருஷம் கழிச்சு ஒருத்தி வாயில இருந்து வந்துச்சு பாரு" என்று சொல்லி, பேரம் பேசாமல் 40 பெசோவுக்கு ஒரு கட்டு வாங்கினாள். அக்கா பேரம் பேசாததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் கரும்பு. அப்புறம் 'கோபால்' என்றார். அக்கா யாரோ நம் ஊர் ஆள் என்று திரும்பிப் பார்த்தாள். மரப்பிசின் கட்டி, நம் சாம்பிராணி போலத் தணலில் போடுவது. வாசனை கொஞ்சம் எலுமிச்சைப் பக்கம் சாய்கிறது. அப்புறம் மாண்டரின் ஆரஞ்சு, கொய்யா, வேர்க்கடலை, வாதுமைக்கொட்டை, 'தெஹோகோத்தே' என்று கோலிக்குண்டு மாதிரி ஒரு மஞ்சள் பழம்.

ரொட்டிப் பக்கம்தான் அதிக நேரம் நின்றோம். 'பான் தே முயெர்த்தோ', செத்தவர் ரொட்டி. மற்ற ஊர்களில் மேலே எலும்பு மாதிரி மாவைக் குறுக்கே வைத்து, சர்க்கரை தூவுவார்கள். வஹாக்காவில் முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த உருண்டை ரொட்டியில், தலைமாட்டில் ஒரு சின்ன முகம் பதித்திருக்கிறது. கட்டை விரல் நகம் அளவுக்கு, மாவில் செய்து வர்ணம் பூசிய முகம். கண், சிவப்பு உதடு, கன்னத்தில் ரோஸ். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருக்கிறது. 'காரித்தா', குட்டி முகம். வீட்டுக்காரம்மா முகம் பார்த்துத்தான் ரொட்டி எடுத்தார். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, "இவள் முறைக்கிறாள்" என்றார்.

கடைசியாக மாவு மில் மாதிரி ஒரு கடையில் சாக்லேட் அரைத்தோம். வறுத்த கக்காவோ கொட்டை, பட்டை, பாதாம், சர்க்கரை எல்லாம் மேலே போட்டால், கீழே வெதுவெதுப்பாகக் கறுப்புக் களி வந்து விழுகிறது. எவ்வளவு சர்க்கரை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. முன்னால் நின்ற பெண், செத்துப்போன மாமியார் கணக்கில் ஒரு கிலோ, தன் கணக்கில் ஒரு கிலோ என்று தனித்தனியாக அரைத்தாள்.

தாகத்துக்கு 'தெஹாத்தே' குடித்தோம். சோளம், கக்காவோ, மாமே பழத்தின் கொட்டை, ஒரு காட்டுப்பூ, எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கையாலேயே அடித்து நுரை எழுப்புவது. வர்ணம் பூசிய சுரைக்குடுக்கையில் 25 பெசோ. பார்க்க சோப்புத் தண்ணீர். குடித்தால் குளிர்ச்சி. அக்கா இரண்டாவது குடுக்கை கேட்டாள்.

அக்டோபர் 31, வியாழன்

இன்று தீபாவளி. காலையில் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா என்று கேட்டான். வெந்நீர் வரவில்லை என்பதைச் சொல்லாமல் தலையாட்டினோம்.

பத்து மணிக்குக் கூடத்தில் வேலை ஆரம்பித்தது. 'ஒஃப்ரெண்டா' என்பதற்கு அகராதி தேட வேண்டாம். படையல். சுவரோரமாக மேசை, அதன்மேல் பெட்டிகளை அடுக்கிப் படி மாதிரி செய்து வெள்ளைத் துணி விரித்தார். மேசைக்கு இரண்டு பக்கமும் கரும்பை நிறுத்தி, நுனிகளை மேலே வளைத்துக் கட்ட வேண்டும். அந்த வளைவுதான் வாசல், அது வழியாகத்தான் அவர்கள் வருவார்கள். பேரன் நைலான் கயிற்றில் கட்டினான். பதினைந்து நிமிஷத்தில் வாசல் சரிந்து, மெழுகுவர்த்திகளைத் தள்ளிக்கொண்டு அக்கா தோளில் விழுந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, நாற்காலி போட்டு ஏறி, பொங்கலுக்குக் கரும்பு கட்டுகிற முடிச்சுப் போட்டாள். அதற்கப்புறம் அது அசையவில்லை.

படையலில் வைக்க ஒரு படம் குறைகிறது என்று பேரனோடு என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். பேனா, நோட்டு விற்கிற சின்னக் கடை, போன் படத்தை அச்சிட்டும் தருவார்கள். வரிசையில் பதினோரு பேர். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் செத்துப்போன ஒருவர். எனக்கு முன்னால் நின்ற பையன் குடும்பப் படத்திலிருந்து பாட்டியை மட்டும் வெட்டித் தரச் சொன்னான். பாட்டி தலைக்குப் பின்னால் பிறந்தநாள் பலூன் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கடைப்பெண் அதை அழிக்கட்டுமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றான். 15 பெசோ.

திரும்பி வரும்போது படையல் நிறைந்திருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர், வழி நெடுக நடந்து தாகத்தோடு வருவார்கள் என்பதற்காக. ஒரு கிண்ணத்தில் உப்பு. மெழுகுவர்த்திகள். ரொட்டி, பழம், சாக்லேட். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவராம். அவர் படத்துக்கு முன்னால் சிகரெட் பாக்கெட், ஒன்றைப் பாதி வெளியே இழுத்துவைத்து, பக்கத்தில் தீப்பெட்டி. உயிரோடு இருந்த காலமெல்லாம் தீப்பெட்டி எங்கே என்று கத்துவாராம். அந்த அம்மாவின் தாயாருக்குச் சர்க்கரை நோய், கடைசி எட்டு வருஷம் இனிப்பே கண்ணில் காட்டவில்லை. அவர் படத்துக்கு முன்னால் ஒரு கோக் பாட்டில், வெல்லப்பாகில் வேகவைத்த பூசணி, நெற்றியில் அவர் பெயர் எழுதிய சர்க்கரை மண்டை ஓடு. "இனிமேல் என்ன செய்யும்?" என்றார். கீழ்ப் படி ஓரத்தில் ஒரு நாயின் படமும் ஒரு துண்டு சோள ரொட்டியும். நாய்க்கு வைப்பது பேரனுடைய வேலை, புது வழக்கம் என்று அந்த அம்மா லேசாக முகம் சுளித்தார்.

இன்னொரு தண்ணீர்த் தம்ளர் தனியாக இருந்தது. அதற்குப் படம் இல்லை. யாருமில்லாதவர்களுக்கு என்றார்.

பிறகு அக்காவைக் கேட்டார், உங்கள் வீட்டில் யாரையாவது வைக்கிறீர்களா என்று. அத்தான் போய் நான்கு வருஷம் ஆகிறது. அக்கா உடனே தலையை ஆட்டினாள். "அவருக்கு ஃபிளைட்டுன்னாலே நடுக்கம். மகன் கல்யாணத்துக்கே அமெரிக்கா வரலை. இங்க எங்க வரப் போறார்?" இதைச் செயலி எப்படிச் சொன்னதோ, வீட்டுக்காரம்மா ரொம்பத் துக்கப்பட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் விமான விபத்தில் போய்விட்டதாக அவர் புரிந்துகொண்டது ராத்திரிதான் தெரிந்தது.

நான் குளித்துவிட்டு வந்தபோது அந்தத் தனித் தம்ளர் பக்கத்தில், காகிதத் தட்டில் இரண்டு துண்டு மைசூர்பாகு இருந்தது. மருமகள் தீபாவளிக்குக் கட்டிக்கொடுத்த டப்பாவிலிருந்து. நான் பார்ப்பதை அக்கா பார்த்தாள். "தீபாவளி இல்ல, அதான்" என்றாள்.

குழந்தைகளாக இறந்தவர்கள் முதலில் வருவார்களாம், பெரியவர்கள் அடுத்த நாள். அதனால் இன்று ராத்திரி காரம் வைக்கவில்லை.

சாயங்காலம் நடுவூரில் ஒரே கூட்டம். அகன்ற தொப்பியும் பட்டுப் பாவாடையும் போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி 'கத்ரினா' திரும்பிய பக்கமெல்லாம் நிற்கிறாள். இவள் அப்படியொன்றும் புராதனமானவள் இல்லை. ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சோவியர் தன் வேரை மறைத்துச் சீமாட்டி வேஷம் போடுகிறவர்களைக் கேலி செய்து தலையை மட்டும் வரைந்தார். அவர் இறந்தது 1913இல். பிறகு ஓவியர் தியேகோ ரிவேரா 1947இல் ஒரு சுவரோவியத்தில் அவளுக்கு உடம்பும் உடுப்பும் கொடுத்தார். மெக்சிகோ நகரத்துப் பெரிய ஊர்வலம் இன்னும் புதுசு. ஒரு ஜேம்ஸ்பாண்ட் படத்துக்காகக் கற்பனையாக எடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, 2016இல் நிஜமாகவே ஆரம்பித்தார்கள். முகத்தில் மண்டை ஓடு வரைய 100 பெசோ என்று ஒரு பெண் அக்காவை வளைத்தாள். "எப்படியும் ஒருநாள் அதுதான், முன்கூட்டி எதுக்கு?" என்று கையை எடுத்துக் கும்பிட்டாள் அக்கா.

பத்து மணிக்கு மேல் ஹோஹோகோத்லான் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது தப்பு. டாக்ஸி 250 பெசோ, பாதித் தூரம் நெரிசலில் நின்று கடைசியில் நடந்தோம். வெளியே திருவிழாக் கடைகள், ராட்டினம், பேண்டு. உள்ளே ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி, அதற்கு நடுவில் கேமராக்கள். நானும் ஒரு கேமராதான், யாரைக் குறை சொல்ல. படம் எடுக்கப் பின்னால் நகர்ந்ததில் ஒரு சமாதியின் பூவிரிப்பில் கால் வைத்துவிட்டேன். பக்கத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் கோபிக்கவில்லை. என் முழங்கையைத் தொட்டு நகர்த்தினார், குனிந்து இதழ்களைச் சரி செய்தார், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். கால் மணி நேரம் உட்கார்ந்தோம். படம் எடுக்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

தூக்கம் நாலு மணி நேரம். ஆனாலும் இன்றுதான் போக வேண்டிய நாள்.

வீட்டுக்காரம்மாவின் நாத்தனார் தியோதித்லான் தெல் வாயே என்ற ஊரில் இருக்கிறார். முப்பது கிலோமீட்டருக்குள்தான். சபோதெக் என்கிற பூர்வகுடி மக்களின் ஊர், கம்பள நெசவு அங்கே குலத்தொழில். அங்கே பெரியவர்கள் இன்று மத்தியானம் மூன்று மணிக்கு வருவார்கள், நாளை மூன்று மணிக்குக் கிளம்புவார்கள். இருபத்து நாலு மணி நேரம். அதற்குள் உறவுக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் அந்த வீட்டுச் செத்தவர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. ரொட்டி, சாக்லேட், மெழுகுவர்த்தி, மெஸ்கால் என்கிற சாராயம் ஒரு பாட்டில்.

ஷேர் டாக்ஸி. சாதாரணக் கார்தான், டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். ரொட்டிப் பெட்டியை என் மடியில் வைத்திருந்தேன். ஒரு பெண் குழந்தையோடு ஏறியதும் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். மெத்தென்றிருக்கிறதே என்று நினைத்தாளாம். ஊர் வந்துதான் எழுந்தாள். ரொட்டிகள் தோசை ஆகியிருந்தன. ஒரு முகம் கழன்று, பெட்டி மூலையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய் வாங்க நேரமில்லை. அப்படியே கொண்டுபோனோம். நாத்தனார் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தட்டையான ரொட்டிகளைப் படையலில் மற்ற ரொட்டிகளோடு நிற்கவைத்தார். "அவர்கள் சாப்பிடுவது வாசனையைத்தான், உருவத்தை இல்லை" என்றார். கழன்ற முகத்தை எடுத்து அக்கா உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

அந்த வீட்டு மரியாதையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். உள்ளே வருகிறவர் முதலில் மனிதர்களிடம் பேசுவதில்லை. நேரே படையல் அறைக்குப் போய், கொண்டுவந்ததை வைத்து, மண்டியிட்டு ஏதோ முணுமுணுக்கிறார். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம். அதற்கும் பிறகுதான் சிரிப்பு, நலம் விசாரிப்பு, நாற்காலி. எல்லாம் சபோதெக் மொழியில். செயலி கைவிரித்துவிட்டது, எங்கள் வீட்டுக்காரம்மாவே பாதி புரியாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேச்சு குறைந்தது. அந்த வீட்டு மருமகள் வாசலிலிருந்து படையல் வரை இதழ்களை இன்னொரு தடவை தூவினாள். பெரியவர் மண் தூபக்காலில் தணலைக் கிளறி, கோபாலை உள்ளங்கையில் உரசிப் போட்டார். புகை வெள்ளையாகச் சுருண்டு கரும்பு வளைவுக்குள் நுழைந்தது. கோயில் மணி அடித்தது. வெளியே எங்கோ வேட்டுச் சத்தம். பெரியவர் எழுந்து வாசலைப் பார்த்து, தாழ்ந்த குரலில், வெயிலில் நடந்து வந்தவர்களை உள்ளே கூப்பிடுகிற தொனியில் நாலு வார்த்தை பேசினார். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ஆனால் 'வாங்க, வாங்க, உக்காருங்க' என்பதைத் தவிர வேறு எதுவாகவும் அது இருக்க முடியாது. அக்கா தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வழி விட்டாள். தெரிந்து செய்தாளா, தன்னையறியாமல் செய்தாளா, கேட்கவில்லை.

அப்புறம் வந்தது எங்களுக்குச் சோதனை. முதலில் கொதிக்கிற சாக்லேட். பாலில் இல்லை, தண்ணீரில், 'மோலினியோ' என்ற மரக் கடைகோலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி நுரை எழுப்பியது. அசல் மோர் மத்துதான். ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், அருமை. அதன் பின்னால் கறுப்பு மோலே. மிளகாயைக் கருக வறுத்து, எள், கடலை, பட்டை, கிராம்பு, சாக்லேட் என்று ஏகப்பட்டதை அரைத்துக் கொதிக்கவைத்த குழம்பு. அதில் மூழ்கிக் கிடந்தது வான்கோழித் தொடை, ஆளுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை. அக்கா என்னைப் பார்த்தாள். செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டுக்காரம்மா காப்பாற்றினார். சாப்பிட முடியாததைக் கட்டி எடுத்துப்போவது இங்கே குறையில்லை, அதுதான் முறை. அதற்கு 'இதகாத்தே' என்று பெயரே இருக்கிறது. நாத்தனார் மூடிபோட்ட டப்பாவில் தொடையை வைத்து, பாவம் என்று இன்னொன்றும் வைத்து, எட்டுத் தமாலும் கட்டிக் கொடுத்தார். அக்கா சோள அடையைக் குழம்பில் தொட்டுக்கொண்டாள். குழம்பு எந்தச் சாறில் கொதித்தது என்று நான் சொல்லவில்லை. மெஸ்கால் ஒரு வாய் நான் குடித்தேன். தொண்டையில் விறகுப் புகை. அக்காவுக்கும் நீட்டினார்கள், முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "நானும் வாசனை மட்டும்."

நவம்பர் 2, சனி

காலை ஆறு மணிக்கு அக்கா வான்கோழித் தொடையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கிழமை மாறிவிட்டது.

எனக்கு வயிறு சரியில்லை. மோலேவா, மெஸ்காலா, தூக்கமா, தெரியவில்லை. மத்தியானம் வரை படுக்கை. வீட்டுக்காரம்மா கெமோமில் பூ போட்ட வெந்நீர் கொடுத்தார்.

சாயங்காலம் பக்கத்திலிருக்கிற ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் நடந்தோம். சமாதிகளைக் கழுவி, பூ வைத்து, மடக்கு நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா முப்பது வருஷம் வேலை பார்த்தது மதுரையில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில், அதனால் நவம்பர் 2 அவளுக்குப் புதிதில்லை. கல்லறைத் திருநாள். சக டீச்சர்களோடு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். "அங்க அழுவாங்க. இங்க தின்னுக்கிட்டு பேசுறாங்க" என்றாள். அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, அடுத்த வரிசையில் ஒரு பெண் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தோம். சமாதி புதுசு. பக்கத்துக் குடும்பத்தார் ஒரு ஆரஞ்சை உரித்து அவளிடம் நீட்டினார்கள், அவள் அழுதுகொண்டே சுளை சுளையாகச் சாப்பிட்டாள்.

வழியில் வண்ண மணலில் எலும்புக்கூடு, தேவமாதா என்று பெரிய பெரிய விரிப்புகள் போட்டிருந்தார்கள். கோலம் போடுகிற நமக்கு அதில் நின்று பார்க்க விஷயம் உண்டு, என் வயிறுதான் விடவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் ஃபிளைட். பெட்டியைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினால் வீட்டுக்காரம்மா படையலிலிருந்து பழம், ரொட்டி எல்லாம் எடுத்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு, பேரனுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. கரும்பு வளைவு மட்டும் இன்னும் நின்றது.

எங்களுக்கு ஒரு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, ருசி பாருங்கள் என்றார். மூன்று நாள் காய்ந்த ரொட்டி, சப்பென்றிருந்தது. அவருக்கு அது பெருமை. சாரத்தையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால்தான் ருசியில்லை என்றார். கொய்யாவும் அப்படித்தான், கோக்கும் அப்படித்தான். கோக்கைத் திறந்தே வைத்திருந்தார் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சிகரெட் அப்படியே இருந்தது. "புகையை விட்டுவிட்டார் போல" என்று சிரித்தார்.

கடைசியில் தனித் தம்ளர் பக்கத்திலிருந்த காகிதத் தட்டை எடுத்தார். மைசூர்பாகு ஒன்றைப் பாதியாக உடைத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு பாதியையும் போட்டுக்கொண்டார். அப்புறம் அக்காவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நெய், சர்க்கரை, மணம், எல்லாம் அப்படியே இருக்கிறதாம். ஒன்றுமே குறையவில்லையாம்.

போனிலிருந்து அந்த மொழிபெயர்ப்பு வந்து முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றாள் அக்கா. "அவர் ஃபிளைட் ஏற மாட்டார்."

மீதியிருந்த துண்டை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டாள்.